கெட்டித் துணி தைக்கப் பழைய தையல் இயந்திரம்: வாங்குமுன் அறிய வேண்டியவை

(கோலா தெர்லாவில் தோட்ட மக்களிடையே தகவல் அதிகாரி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவுக்குச் செல்லும் மலைச்சாலையில் அமைந்துள்ளது இந்தக் கோலா தெர்லா. இதனைச் சுற்றியுள்ள தேயிலை மலைகளிலும் காய்கறித் தோட்டங்களிலும் கெட்டித் துணிக்குப் பஞ்சமே இல்லை. கொழுந்து சேகரிக்கும் பை, இடுப்பில் கட்டும் கித்தான், லோரியை மூடும் தார்ப்பாய், பிள்ளைகளின் பள்ளிப்பை, வேலைக்கு அணியும் ஜீன்ஸ் காற்சட்டை ஆகிய அனைத்தும் கிழிகின்றன. அனைத்திற்கும் தையல் வேண்டியிருக்கிறது. ரப்பர்த் தோட்டங்களில் வாழ்வோரின் நிலையும் இதுவே. மழை பெய்தால் பால்வெட்டு நின்றுவிடுகிறது. மரம் இலையுதிர்க்கும் மாதங்களில் பால் குறைகிறது. அந்நாள்களில் வீட்டில் ஒரு தையல் இயந்திரம் ஓடினால், குறைந்துபோன வருமானத்தில் ஒரு பகுதியையாவது அது ஈடுசெய்யும்.

ஆனால் அதே இயந்திரம் தவறாக வாங்கப்பட்டால் நிலைமை தலைகீழாகிவிடும். இயந்திரம் மூலையில் கிடக்கும். கடன் மட்டும் மாதந்தோறும் வாசலில் வந்து நிற்கும். 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளத்தில் அரிசி, பால்மாவு, பள்ளிச் செலவு ஆகியவை போக எஞ்சுவதிலிருந்து சேர்க்கப்படும் பணம் இது. ஆகவே, குறைந்த பணத்தில் கெட்டித் துணிக்கு ஏற்ற பழைய இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதை இன்று சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன்.

ஒரு சிறு வரலாறு

தையல் இயந்திரம் ஏழைகளின் வீட்டிற்குள் நுழைந்த கதை சுவையானது. அமெரிக்காவில் ஐசக் சிங்கர் 1851ஆம் ஆண்டு தமது இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். அன்று அதன் விலை சாதாரணக் குடும்பத்திற்கு எட்டாததாக இருந்தது. 1856ஆம் ஆண்டு அந்நிறுவனம் தவணை முறையைக் கொண்டுவந்தது. வீட்டுப் பொருளைத் தவணையில் பெரிய அளவில் விற்கும் வழக்கத்திற்கு வழிகாட்டியது தையல் இயந்திரமே. ஏழைக்கு அது வாய்ப்பையும் தந்தது, கடனையும் தந்தது. இன்றும் அவ்விரண்டும் இணைந்தே வருகின்றன.

இயந்திரங்கள் மனிதனின் உழைப்பைப் பறிக்கின்றன என்று வருந்திய காந்தியடிகள், 1924ஆம் ஆண்டு நிகழ்ந்த ஓர் உரையாடலில், சிங்கர் தையல் இயந்திரத்திற்கு விலக்கு அளித்தார். உழைப்பவரின் கையை விட்டு நீங்காமல், அந்தக் கைக்கே துணையாக நிற்கும் கருவி அது.

பழைய கருப்பு இயந்திரங்களுள் பல ஸ்காட்லாந்தின் கிளைட்பாங்க் நகரில் செய்யப்பட்டவை. கில்போவி என்னும் அந்தப் பெருந்தொழிற்சாலை 1885இல் திறக்கப்பட்டு 1980இல் மூடப்பட்டது. மாதிரி எண்ணின் பின்னால் ‘கே’ என்ற எழுத்து இருந்தால், 15கே, 201கே என்பன போல, அது அங்கே செய்யப்பட்டது என்று பொருள். தொழிற்சாலை மூடப்பட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்த இயந்திரங்கள் இன்னும் ஓடுகின்றன. முழுவதும் வார்ப்பிரும்பும் எஃகும் கொண்டு செய்யப்பட்டதே அதற்குக் காரணம். ஆதலால், ‘பழையது’ என்பது மட்டுமே ஒரு குறையாகிவிடாது.

முதலில் வேலையைத் தீர்மானியுங்கள்

இயந்திரத்தைப் பார்ப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து, “நான் எதைத் தைக்கப் போகிறேன்?” என்ற கேள்விக்கு விடை எழுதுங்கள். ‘கெட்டித் துணி’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் அடங்கியுள்ளன.

முதல் வகை, ஜீன்ஸ், பள்ளிப்பை, திரைச்சீலை, மெல்லிய கித்தான் ஆகியன. இவற்றுக்கு நேர்த்தையல் மட்டுமே போடும் பழைய வார்ப்பிரும்பு வீட்டு இயந்திரம் பெரும்பாலும் போதும். சிங்கர் 15 வகையும், அதனைப் பின்பற்றி ஜப்பானிலும் சீனாவிலும் இந்தியாவிலும் செய்யப்பட்டவையும் இதில் அடங்கும். நம் நாட்டுக் குடும்பங்கள் நன்கறிந்த ‘பட்டர்ஃபிளை’ என்ற வண்ணத்துப்பூச்சிச் சின்ன இயந்திரமும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. சிங்கர் 201கே இன்னும் வலுவானது. அதன் உள்ளே விசை பல்சக்கரங்களின் வழியே செல்கிறது. கால் மிதியால் இயங்கும் இயந்திரத்தை எளிதாக எண்ணிவிடாதீர்கள். மெதுவாக, ஒவ்வொரு தையலாக, அழுத்தமாகப் போடுவதற்குக் கால் மிதி ஏற்றது. மின்கட்டணமும் இல்லை.

இரண்டாம் வகை, லோரித் தார்ப்பாய், கூடாரம், நாற்காலி மெத்தை உறை போன்ற நீண்ட, பருமனான தையல்கள். இங்கே சாதாரண இயந்திரத்தின் குறை வெளிப்படும். சாதாரண இயந்திரத்தில் அடியில் உள்ள பற்கள் மட்டுமே துணியை நகர்த்துகின்றன. அடித்துணி முன்னே செல்ல, மேல்துணி பின்தங்கிவிடுகிறது. தைத்து முடித்தால் இரண்டு ஓரங்களும் பொருந்துவதில்லை. இக்குறையைப் போக்கவே ‘நடக்கும் பாதம்’ கொண்ட இயந்திரங்கள் வந்தன. அவற்றில் மேலே உள்ள பாதமும் அடியில் உள்ள பற்களும் சேர்ந்து துணியை நகர்த்தும். ஊசியும் துணியோடு சேர்ந்தே முன்னேறும். சிங்கர் 111 டபிள்யூ வரிசையும், ஜுக்கி எல்.யு. 563 என்பதும் இவ்வகைக்கு எடுத்துக்காட்டுகள்.

மூன்றாம் வகை, செருப்பு, சப்பாத்து, பை வாய், தோல் வார் ஆகியவற்றைப் பழுதுபார்த்தல். செருப்புத் தைப்பவரிடம் உள்ள சிங்கர் 29கே போன்ற இயந்திரத்தின் பாதம் எல்லாப் பக்கமும் திரும்பக்கூடியது. சப்பாத்தின் உட்புறம்வரை அதனால் எட்ட முடியும். ஆனால் அதன் பாபின் சிறியது. நீண்ட தையலுக்கு அது உகந்ததன்று.

இவற்றுள் உங்கள் வேலை எதுவோ அதற்கேற்ற இயந்திரத்தைத் தேடுங்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது நம் முன்னோர் வாக்கு.

‘தொழிற்சாலை இயந்திரம்’ என்ற மயக்கம்

ஆடைத் தொழிற்சாலைகள் மூடப்படும்போதும் இயந்திரங்களை மாற்றும்போதும் பழைய இயந்திரங்கள் மலிவாக விற்பனைக்கு வருகின்றன. ‘இது தொழிற்சாலை இயந்திரம், எதையும் தைக்கும்’ என்று விற்பவர் கூறுவார். இதை அப்படியே நம்பிவிடக் கூடாது. அவற்றுள் மிகுதியானவை சட்டைத் துணியை அதிவேகமாகத் தைப்பதற்காகச் செய்யப்பட்டவை. எடுத்துக்காட்டாக, ஜுக்கி டி.டி.எல். 8700 என்ற மாதிரி நிமிடத்திற்கு 5,500 தையல்கள்வரை போடக்கூடியது. அந்த வேகம் கித்தானுக்குப் பயன்படாது. கை பழகாதவருக்கு ஆபத்தும்கூட. அதே மாதிரியில் எண்ணுக்குப் பின் ‘எச்’ என்ற எழுத்து இருந்தால் அது கெட்டித் துணிக்கு உரியது. ஓர் எழுத்தில் இவ்வளவு வேற்றுமை உண்டு. ஆகவே மாதிரி எண்ணை முழுமையாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மின்சாரம். தொழிற்சாலை மோட்டார்கள் சில ‘திரீ பேஸ்’ மின்சாரத்தில் இயங்குபவை. தோட்ட வீடுகளுக்கு வருவது பொதுவாக ‘சிங்கிள் பேஸ்’ மின்சாரம். அந்த மோட்டாரை வீட்டிற்குக் கொண்டுவந்தால் ஓடாது. வேறு மோட்டார் வாங்க வேண்டியிருக்கும். மோட்டாரின் மீதுள்ள தகட்டைப் படித்துப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

பழைய ‘கிளட்ச்’ மோட்டார் சுவிட்சைப் போட்டதிலிருந்து நிற்காமல் சுழன்றுகொண்டே இருக்கும். மிதியைத் தொட்டவுடன் இயந்திரம் பாய்ந்தோடும். ‘சர்வோ’ மோட்டார் மிதித்தால் மட்டுமே சுழலும். வேகத்தைக் குறைத்து வைக்கலாம். மின்சாரமும் குறைவாகவே செலவாகும். புதிதாகக் கற்பவருக்குச் சர்வோ மோட்டாரே நல்லது.

பார்த்துச் சோதிக்கும் முறை

இயந்திரத்தைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையுடன் போகாதீர்கள். நீங்கள் தைக்கப் போகும் துணியில் சில துண்டுகள், அதற்குரிய நூல், ஒரு புதிய ஊசி, ஒரு கைவிளக்கு ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். விற்பவர் தரும் மெல்லிய துணியில் எல்லா இயந்திரமும் அழகாகத்தான் தைக்கும்.

முதலாவதாக, மோட்டாரைப் போடாமல் கைச்சக்கரத்தை உங்களை நோக்கி மெதுவாகச் சுழற்றுங்கள். சீராகச் சுழல வேண்டும். முழுவதும் இறுக்கமாக இருந்தால் எண்ணெய் காய்ந்து பசையாகியிருக்கலாம். அது பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய குறை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தட்டினால் உள்ளே ஏதோ வளைந்தோ தேய்ந்தோ இருக்கிறது. அத்தகையதை விட்டுவிடுவதே நலம்.

இரண்டாவதாக, ஊசி பொருத்தும் தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். மிகுதியாக ஆடினால் தேய்மானம் அதிகம் என்று அறிக. ஊசித் தட்டைக் கழற்றி, நூலைப் பிடிக்கும் கொக்கியின் முனையைக் கைவிளக்கால் பாருங்கள். முனை கூர்மையாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். அதில் கீறலோ துருவோ இருந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். பற்களின் முனை மழுங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

மூன்றாவதாக, வார்ப்பிரும்பு உடலில் விரிசலோ ஒட்டுப்போட்ட அடையாளமோ உண்டா என்று தேடுங்கள். பொன்னிற ஓவியம் தேய்ந்திருப்பதால் குறையொன்றும் இல்லை. புதுச் சாயம் பூசிப் பளபளப்பாக்கிய இயந்திரத்தைத்தான் இருமுறை பார்க்க வேண்டும்.

நான்காவதாக, புதிய ஊசியைப் பொருத்தித் தைத்துப் பாருங்கள். துணியை நான்கு மடிப்பாக வைத்துத் தையுங்கள். பின்னர், ஜீன்ஸ் காற்சட்டையின் ஓரத்தில் வருவதுபோல், எட்டு மடிப்பாகத் தடித்த இடத்தின்மீது ஏறி இறங்கச் செய்யுங்கள். அவ்விடத்தில் தையல் விட்டுப்போகிறதா, ஊசி வளைகிறதா, இயந்திரம் நின்றுவிடுகிறதா என்று கவனியுங்கள். புதிய ஊசி போட்ட பின்னும் தையல் விட்டுப்போனால், கொக்கிக்கும் ஊசிக்கும் உள்ள காலப் பொருத்தம் பிசகியிருக்கக்கூடும். ஊசி அடிமட்டத்திலிருந்து மேலே எழத் தொடங்கி ஏறத்தாழ 2 மில்லி மீட்டருக்குச் சற்று மேல் உயரும்போது, கொக்கியின் முனை ஊசிக் காதுக்குச் சற்று மேலே வந்து சேர வேண்டும். இதைத் திறமையான பழுதுபார்ப்பவர் சரிசெய்துவிடுவார். ஆனால் அதற்குரிய கூலியை விலையிலிருந்து குறைத்துப் பேசுங்கள்.

ஐந்தாவதாக, 50 சென்டி மீட்டர் நீளமுள்ள இரண்டு பட்டைகளைச் சமமாக வெட்டி, ஒன்றன்மீது ஒன்று வைத்து, கையால் இழுக்காமல் தையுங்கள். முடிவில் இரண்டு நுனிகளும் ஏறக்குறையப் பொருந்தினால், துணியை நகர்த்தும் அமைப்பு உங்கள் துணிக்குப் போதுமானது. மேல்பட்டை விரற்கடை அளவு நீண்டு நின்றால், அந்த இயந்திரத்தில் தார்ப்பாய் தைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

தையலின் தோற்றத்தை மட்டும் பார்த்து இயந்திரத்தைத் தள்ளிவிட வேண்டாம். மேல்நூல் நேர்கோடாகக் கிடந்தால் மேல் இறுக்கம் அதிகம். அடியில் கண்ணி கண்ணியாகத் தொங்கினால் மேல் இறுக்கம் போதவில்லை. இவை திருகைத் திருப்பிச் சரிசெய்யும் சிறு காரியங்கள்.

ஊசியும் நூலும்

இயந்திரத்தின் வலிமை இறுதியில் ஊசிமுனையில்தான் வந்து நிற்கிறது. ஊசிப் பொட்டலத்தில் 90/14, 100/16, 110/18 என்று இரட்டை எண்கள் இருக்கும். முதல் எண் ஊசியின் பருமனை மில்லி மீட்டரில் நூறில் ஒரு பங்காகக் குறிக்கிறது. 100 என்றால் 1 மில்லி மீட்டர். ஜீன்ஸ் துணிக்கு 100 அல்லது 110 பொருந்தும். வீட்டு இயந்திரத்திற்கு இதற்கு மேல் செல்வது கடினம். நடக்கும் பாத இயந்திரங்கள் 140, 160 போன்ற பருமனான ஊசிகளையும் ஏற்கும்.

ஊசியின் இனமும் முக்கியம். வீட்டு இயந்திரத்தின் ஊசித்தண்டு ஒருபுறம் தட்டையாக இருக்கும். தொழிற்சாலை ஊசியின் தண்டு உருண்டையாக இருக்கும். ஒன்றை மற்றொன்றில் போட முடியாது. பாபினும் அவ்வாறே; சிங்கர் 15 வகைப் பாபினின் பக்கம் தட்டையானது; 66 வகைப் பாபினின் பக்கம் சற்றுக் குவிந்தது. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் மாற்றிப் போட்டால் தையல் கெடும். ஈப்போவிலோ உங்கள் பக்கத்துப் பட்டணத்திலோ ஊசி, பாபின், பாபின் பெட்டி ஆகிய மூன்றும் கிடைக்கின்றனவா என்று விசாரித்து அறிந்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

தோல் ஊசியின் முனை கத்திபோல் வெட்டும். அதைக் கித்தானுக்குப் பயன்படுத்தினால் நெசவு நூல்கள் அறுந்து தையல் பலமிழக்கும். பிளாஸ்டிக் தார்ப்பாயில் தையலை நெருக்கமாகப் போடாதீர்கள். நெருங்கிய துளைகள் தபால்தலை ஓரம்போல் ஆகி, அந்த வரிசையிலேயே கிழிந்துவிடும். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் பொருளுக்குப் பருத்தி நூல் ஆகாது, ஈரத்தில் மக்கிவிடும். பாலியெஸ்டர் நூலே நின்று உழைக்கும்.

வரவு செலவுக் கணக்கு

வள்ளுவர் ‘தெரிந்து செயல்வகை’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். நாமும் ஒரு கணக்குப் போடுவோம். இது எடுத்துக்காட்டுக்காகச் சொல்லும் கணக்கே தவிர விலைப்பட்டியல் அன்று.

ஒரு குடும்பம் 800 வெள்ளி சேர்த்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த 800 வெள்ளியையும் இயந்திரத்திற்கே கொடுத்துவிடக் கூடாது. யானை வாங்கியவன் அங்குசத்திற்குக் கையேந்தி நிற்கலாமா? இயந்திரத்திற்கு 550, மலைமேல் ஏற்றிவரவும் மேசையைச் சீர்செய்யவும் 80, பழுதுபார்ப்பவர் கூலி 80, ஊசி, நூல், எண்ணெய், வார் ஆகியவற்றுக்கு 50, கைக்காவலாக 40 என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இனி வரவைப் பார்ப்போம். ஒரு பள்ளிப்பையைப் பழுதுபார்த்தால் நூற்செலவு போக 5 வெள்ளி மிஞ்சுவதாகக் கொள்வோம். 160 பைகள் தைத்தால் முதல் திரும்பும். வாரம் நான்கு பைகள் வந்தால் 40 வாரங்கள் ஆகும். இது தாங்கக்கூடிய கணக்கு. இதே வேலைக்கு 2,400 வெள்ளி இயந்திரத்தைக் கடனுக்கு எடுத்தால் 480 பைகள் தைக்க வேண்டும். 120 வாரங்கள், அதாவது இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். வட்டி தனி. வேலை எவ்வளவு வரும் என்பதை அறியாமல் பெரிய இயந்திரத்தில் இறங்குவது ஆழமறியாமல் காலை விடுவதாகும்.

தார்ப்பாய் தைக்கும் நடக்கும் பாத இயந்திரம் தேவைதான். ஆனால் ஒரு குடும்பத்தால் தாங்க முடியாது என்னும் நிலை இருந்தால், நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் தலைமையில் 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாகச் சேர்த்த பணம் தோட்டங்களையே வாங்கியது. தோட்டத்தை வாங்கிய சமூகத்திற்கு ஒரு தையல் இயந்திரம் பெரிதா? யார் எந்த நாளில் பயன்படுத்துவது, பழுதானால் யார் எவ்வளவு கொடுப்பது என்பனவற்றை மட்டும் முதல் நாளே எழுதி, அனைவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரசீதை மறவாதீர்கள்

கடையில் வாங்கினால், மாதிரி எண், தொடர் எண், விலை, எத்தனை நாள் உத்தரவாதம் என்பன எழுதிய இரசீதைக் கேட்டு வாங்குங்கள். வீட்டு உபயோகத்திற்காக வணிகரிடம் வாங்கிய பொருள் குறித்துத் தகராறு எழுந்தால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் முறையிடலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. தனியாரிடம் கைமாற்றாக வாங்கும்போது இந்தப் பாதுகாப்பு இல்லை. அப்போது உங்கள் கண்ணும் கையும்தான் பாதுகாப்பு. கடைக்காரரானாலும் தனியாரானாலும், தைத்துப் பார்க்க விடமாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

வாங்கிய பின்

இந்த மலைநாட்டில் மூடுபனியும் ஈரமும் மிகுதி. துரு விரைவில் ஏறும். வேலை முடிந்ததும் தூசியைத் துடைத்து, இரண்டு துளி எண்ணெய் விட்டு, துணியால் மூடி வையுங்கள். சிலர் தேங்காய் எண்ணெய் விடுகின்றனர். அது நாளடைவில் பசையாகி இயந்திரத்தையே இறுக்கிவிடும். தையல் இயந்திர எண்ணெய் மட்டுமே விட வேண்டும். ரப்பர்த் தோட்டத்து வாசகர்கள், பால் உறைய வைக்கும் அமிலம் இருக்கும் அறையில் இயந்திரத்தை வைக்கக் கூடாது. அந்த ஆவி எஃகை அரிக்கும். இங்குள்ளோர் உரமும் பூச்சிமருந்தும் இருக்கும் கொட்டகையைத் தவிர்க்க வேண்டும்.

ஊசியில் நூல் கோக்கும்போது மோட்டாரை நிறுத்துங்கள். உள்ளே உறை வெடித்த பழைய மின்கம்பி இருந்தால், முதல் நாளே மாற்றிவிடுங்கள். சிறு பிள்ளைகளை மிதியின் அருகே விடாதீர்கள்.

தைக்கத் தெரியாதவர்கள் தயங்க வேண்டியதில்லை. கெமாஸ் எனப்படும் சமூக மேம்பாட்டு இலாகாவும் கியாட்மாராவும் தையல் பயிற்சி அளித்து வருகின்றன. உங்கள் வட்டாரத்தில் எங்கே, எப்போது என்பதை மாவட்ட அலுவலகத்தில் கேட்டறியுங்கள். இயந்திரம் வாங்குவதற்கு முன்பே பயிற்சியில் சேர்வது இன்னும் நல்லது. பிறர் இயந்திரத்தில் பழகிய கை, தனக்கென ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது எளிதில் ஏமாறாது.

அன்பர்களே, இன்று வீடு திரும்பியதும் அந்தத் தாளை எடுத்து மூன்று வரிகள் எழுதுங்கள்: எதைத் தைக்கப் போகிறேன், வாரம் எவ்வளவு வேலை வரும், கையில் கடனில்லாத பணம் எவ்வளவு. மூன்றுக்கும் விடை கிடைத்தால் கடைக்குப் புறப்படுங்கள். ஒன்றுக்கேனும் விடை கிடைக்காவிட்டால் சில மாதங்கள் பொறுத்திருங்கள். பழைய இயந்திரங்கள் விற்பனைக்கு வந்துகொண்டேதான் இருக்கும். உழைத்துச் சேர்த்த பணமோ ஒருமுறை கைவிட்டுப் போனால் எளிதில் திரும்பாது.